சின்னராசு மாமாவின் உத்தேசக் கணக்கு

என் அக்காவைக் கட்டிக்கொண்ட சின்னராசு மாமாவுக்கு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைக் கொடுப்பது வீண். அவர் வெளியே பார்க்கவே மாட்டார். ஏறி உட்கார்ந்ததும் உள்ளே இருக்கிற தலைகளை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு சுற்று பார்ப்பார். பிறகு என் தொடையில் தட்டுவார்.

“மச்சான், இந்த பஸ்ல ஒரு அறுவது பேரு கீறோமா? இதுல எத்தினி பேரு இப்ப மனசுக்குள்ள யார்கூடயோ சண்ட போட்டுகினு இருப்பான்?”

“யாருக்குத் தெரியும் மாமா?”

“உத்தேசமா சொல்லு. மனுசன் முழிச்சிகினு இருக்கறது பதினாறு மணி நேரம். அதுல நாலு மணி நேரம் சண்டதான். மேனேஜர்கூட, பொண்டாட்டிகூட, செத்துப்போன அப்பன்கூட. அப்ப நாலுல ஒருத்தன். அறுவதுல பதினஞ்சு. தோ, கம்பியப் புடிச்சிகினு நிக்கறானே, ஒதடு ஆடுது பாரு, அவன் ஒண்ணு. நான் ஒண்ணு. மீதி பதிமூணு பேர நீ கண்டுபுடி.”

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் பஸ் அது. அவர் தினமும் போவார். செங்கல்பட்டில் ஒரு புள்ளிவிவர ஆபீசில் கணக்கெடுக்கும் வேலை. நான் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவன். பினாயில், சோப்பு, தலையணை உறை என்று சாமான் வாங்க வாரத்துக்கு ஒரு தடவை அவரோடு போவேன். அந்த ஒரு நாள் பயணத்தில் வாரம் முழுக்கத் தாங்குகிற அளவுக்கு என் காதில் கணக்கை ஊற்றிவிடுவார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வேலை அப்படி. வீடு வீடாகப் போய், மாதம் எவ்வளவு எண்ணெய், வாரத்துக்கு எத்தனை நாள் மீன், வீட்டில் யாருக்காவது சீக்கா என்று கேட்க வேண்டும். ஜனங்கள் வாயில் வந்ததைச் சொல்வார்கள். எண்ணெயே வாங்குவதில்லை என்று அந்த வீட்டு அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அப்பளம் பொரிகிற சத்தம் கேட்கும். யாரும் உள்ளதைச் சொல்வதில்லை என்று மாமாவுக்குச் சீக்கிரமே புரிந்துபோனது. அதனால் கேட்பதை விட்டுவிட்டு, உத்தேசமாகப் போட ஆரம்பித்தார். ஆபீசுக்குப் போட்டது போக மிச்சத்தை எனக்குப் போட்டார்.

இந்த நிமிஷம் செங்கல்பட்டில் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உத்தேசமாக முப்பது பேர். புதிதாகக் கைக்கு வந்திருந்த செல்போனில் ‘வந்துகினே கீறேன்’ என்று சொல்பவர்களில் இன்னும் லுங்கியே மாற்றாதவர்கள் பாதிப் பேர். கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர்களில் செருப்பை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு. இதையெல்லாம் யார் போய்ச் சரிபார்ப்பது? ஒரே ஒரு தடவைதான் என்னிடம் மாட்டினார். எங்கள் லாட்ஜில் இருபது ரூம். காலி செய்யும்போது சோப்பைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் எட்டு ரூம்காரர்கள் இருக்கும் என்றார். எனக்கல்லவா தெரியும், இருபதும்தான்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு எரிச்சல்தான் வரும். ஏனென்றால் இந்தக் கணக்குக்கு அடியில் இருந்தது பயம். மாமாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ராத்திரி கேஸை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்து பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து, இந்தத் தெருவில் இப்படி எழுந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு, ‘ஏழெட்டு பேராவது இருப்பான்’ என்று முடிவானதும்தான் தூங்குவார். நாம் மட்டுமில்லை, ஊரே கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கு ஒரு தெம்பு.

முடிவு என்று ஒன்று எடுக்கச் சொன்னால் ஆள் காலி. தொண்ணூறுகளில் திருப்போரூர் பக்கம் வீட்டு மனை போட்டு, கூவிக் கூவி விற்றார்கள். அக்கா சந்திரம்மா பால்வாடி டீச்சர். சீட்டு எடுத்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘வாங்கிப் போடுய்யா’ என்றாள். மாமா அங்கே தண்ணீர் வர வாய்ப்பு எவ்வளவு, ரோடு வர வாய்ப்பு எவ்வளவு, பத்திரத்தில் வில்லங்கம் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று போட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் மனை விற்றுப்போய், ரோடும் வந்து, அதன் மேல் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் கார்களும் ஓட ஆரம்பித்துவிட்டன. அந்தப் பக்கமாக பஸ் போகும்போதெல்லாம் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். மனை இருந்த திசையைப் பார்ப்பாள், பிறகு மாமாவைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவர் நாலு திட்டு வாங்கியிருக்கலாம்.

ஒருநாள் பஸ்ஸில் புதுக் கணக்கு ஒன்று சொன்னார். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுகிற பெண்கள்.

“காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும்னு வை. நம்ம ஊர்ல எந்த நேரத்துல பாத்தாலும் மூணு நாலு பேரு அழுதுகினு இருப்பாங்க மச்சான். வெளிய வரும்போது மூஞ்சி கழுவி, பவுடர் போட்டுகினு வந்துடுவாங்க. ஒருத்தனுக்கும் தெரியாது.”

“உனுக்கு எப்பிடித் தெரியும்?”

“குளிக்கிற சத்தம் வேற. தண்ணி விட்டு விட்டு விழும். சொம்பு ஓசை கேக்கும். அழற தண்ணி ஒரே சீரா விழுந்துகினு இருக்கும்.”

பெருமையாகத்தான் சொன்னார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் கையைப் பிடித்தார்.

“மச்சான், இன்னிக்குக் காலைல என் வூட்ல தண்ணி ஒரே சீரா விழுந்துது.”

அக்கா அழுகிற ஆள் இல்லை. எங்கள் அப்பா செத்தபோதுகூட சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவள்.

அன்றைக்கு நான் சாமான் வாங்காமலே திரும்பிப் போய் அக்காவை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் ‘ஒண்ணுமில்ல போடா’ என்றாள். பிறகு சொன்னாள். மாதக்கணக்காக ரத்தப்போக்கு நிற்கவில்லை. பால்வாடியில் பிள்ளைகளைத் தூக்கினால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. அவளாகவே போய்க் காட்டியிருக்கிறாள். கர்ப்பப்பையில் கட்டி, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சின்னம்மா இதே மாதிரி ஆபரேஷனுக்குப் போய் வெள்ளைத் துணியில் வந்தவள். அந்த பயத்தில் அக்கா யாரிடமும் சொல்லாமல் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாமாவும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பொறுமையானவர். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்க. இந்த ஆபரேஷன்ல நூத்துக்கு தொண்ணூத்தெட்டு பேர் நல்லா எழுந்து போயிடுறாங்க” என்றார்.

யாருக்குச் சொன்னாலும் ஆறுதலாக இருக்கிற வார்த்தை. மாமாவிடம் போய்ச் சொல்லலாமா? அந்த நிமிஷத்திலிருந்து அவருக்குத் தொண்ணூற்றெட்டு பேர் கண்ணில் படவே இல்லை. பாக்கி ரெண்டு பேர்தான் தெரிந்தார்கள். நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்து, “அந்த ரெண்டு பேரும் இந்த பெஞ்சுலதான மச்சான் குந்திகினு இருந்திருப்பாங்க?” என்றார்.

“மாமா, வாய மூடு.”

“ஆபரேசன் பண்ணா ரெண்டு. பண்ணாங்காட்டி எத்தினின்னு கேட்டியா? அந்தம்மா சொல்லல பாரு. அது எத்தினியா இருக்கும்?”

“அது பெரிய நம்பர் மாமா. அதனாலதான் சொல்லல. நீ பேசாம தேதி குறி.”

அவர் தேதி குறிக்கவில்லை. இன்னொரு டாக்டரைக் கேட்டார். மருந்துக் கடைக்காரரைக் கேட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் மாமியாருக்கு எப்படி இருந்தது என்று விசாரித்தார். அக்கா நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தாள். எனக்கு வந்த கோபத்தில் ஒருநாள் அவர் வீட்டு வாசலிலேயே கத்திவிட்டேன். அப்போதுதான் அக்கா உள்ளேயிருந்து வந்து, தாலிக் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் முடிவைச் சொன்னாள்.

“ரெண்டு பேரும் கத்த வேணாம். திருப்போரூர் முருகன்கிட்ட பூ கட்டிப் பாக்கலாம். வெள்ள வந்தா ஆபரேசன் பண்ணிக்கறேன். செவப்பு வந்தா என்ன வுட்டுடுங்க. இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்.”

ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. ஒரே மாதிரி ரெண்டு பொட்டலம். சாமி காலடியில் வைத்து எடுத்து, ஏதாவது ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீடுகளில் கல்யாணம், கிணறு, வழக்கு எல்லாம் இப்படித்தான் முடிவாகும். வந்த பூவுக்கு மேல் பேச்சு கிடையாது. அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

“சரிக்கா, நான் கட்டி எடுத்தாரேன்” என்றேன்.

“நீ வேணாம். அவரு கட்டட்டும். கடப் பூ வேணாம், நம்ம வூட்டுச் செடிப் பூதான்.”

வீட்டு வாசலில் வெள்ளரளி ஒன்றும் செவ்வரளி ஒன்றும் அக்கா வைத்து வளர்த்தவை. மாமா அந்த ரெண்டு செடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். எப்போதும் நூற்றுக்கு இவ்வளவு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று போடுகிற மனிதருக்கு இந்தத் தடவை கணக்கே போட வேண்டியிருக்கவில்லை. சரிபாதி. தொண்ணூற்றெட்டையே தாங்க முடியாதவர் ஐம்பதை எப்படித் தாங்குவார்?

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு திருப்போரூருக்குப் போனார். சாமி கும்பிட இல்லை. கோயில் வாசலில் பூ விற்கிற ஒரு பெரிய உடம்புக்கார அம்மாவிடம் போய் நின்றார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“ஏம்மா, பூ கட்டிப் பாக்கறதுக்குன்னு தனியா பூ விப்பியா?”

“தோ, தனித் தட்டுல வெச்சிக்கீறேனே. வெள்ள இந்தாண்ட, செவப்பு அந்தாண்ட. எத்தினி ஓணும்?”

“ரெண்டும் ஒரே மாதிரி தீருமா?”

அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“நல்லாக் கேட்டியே அண்ணாத்த. காலைல ரெண்டும் சமமாத்தான் எடுத்தாரேன். சாயந்தரம் பாத்தா வெள்ள தீந்துடும். செவப்பு பாதி அப்பிடியே கெடக்கும். முருகனுக்கே வெளிச்சம்.”

மாமா என்னைத் தள்ளிக்கொண்டு மதில் ஓரமாக வந்தார். கண் மின்னியது. பல நாளாக நான் பார்க்காத மினுக்கம்.

“புரிதா மச்சான்? எல்லாரும் ஒழுங்கா ஒண்ணு வெள்ள ஒண்ணு செவப்பு வாங்கினா ரெண்டும் ஒண்ணாத் தீரணும். வெள்ள நூறு போயி செவப்பு அம்பது போவுதுன்னா, அம்பது வூட்டுக்காரன் ஒழுங்கா வாங்கறான். இருவத்தஞ்சு வூட்டுக்காரன் ரெண்டும் வெள்ளையா வாங்கறான். மூணு வூட்டுக்கு ஒரு வூடு!”

“அதுக்கு?”

“பொண்ணக் கட்டிக் குடுக்க இஷ்டமில்லாதவன் ரெண்டும் செவப்பா வாங்குவான் இல்ல? அவனையும் சேத்தா இன்னும் மேல போவும். சாமி சன்னதியில நிக்கறவன் பாதிப் பேரு திருட்டுப் பசங்கடா!”

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறக்குறைய பாடியது. அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவர் வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. செய்யட்டும். முருகன் கோபித்துக்கொண்டால் நாங்கள் ரெண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் போனபோது பொட்டலங்கள் தயாராக இருந்தன. நோட்டுத் தாளில் மடித்து, வெள்ளை நூலால் கட்டியிருந்தார். பொட்டலம் இருந்த சட்டைப் பையை ஒரு கையால் மூடியபடியே நின்றார். அக்கா குளித்துவிட்டு, பூஜைக்குப் பூப் பறிக்கக் கூடையோடு வாசலுக்கு வந்தாள். செவ்வரளி அன்றைக்குச் செடி கொள்ளாமல் பூத்திருந்தது. கொஞ்ச நேரம் செடியருகில் நின்றாள். நிறையப் பறித்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு பஸ்ஸைப் பற்றித்தான் கவலை.

பஸ்ஸில் மாமா ஒரு கணக்கும் போடவில்லை. பூஞ்சேரி தாண்டி, வழியெல்லாம் மனை விற்கிற கொடிகள். அக்கா அந்தத் திசையைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது மாமாவின் சட்டைப் பையைத்தான்.

கோயிலில் அபிஷேகம் முடிந்த நேரம். ஈரம் எங்கும் சொட்டிக்கொண்டிருந்தது. குருக்கள் பொட்டலங்களை வாங்கி, தட்டில் வைத்து, உள்ளே கொண்டுபோய் முருகன் காலடியில் வைத்தார். மாமாவின் நெற்றியில் வேர்வை திருநீற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. ரெண்டும் வெள்ளை, எதை எடுத்தாலும் வெள்ளை, பயப்பட என்ன இருக்கிறது என்று நான் அவர் காதில் சொல்ல நினைத்தேன். அக்கா பக்கத்திலேயே நின்றதால் சொல்லவில்லை.

குருக்கள் தட்டைக் கொண்டுவந்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய சின்னப் பெண் ஒன்றோடு நின்றிருந்தது. “அம்மு, ஒண்ணு எடுத்து அத்தைகிட்ட குடும்மா” என்று அதன் தாய் சொல்ல, குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்து அக்காவிடம் நீட்டியது. அக்கா நூலை அவிழ்த்தாள். தாளைப் பிரித்தாள்.

உள்ளே இருந்த பூ வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. ரோஸ்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தட்டைப் பார்த்தேன். அதில் கொட்டியிருந்த குங்குமம் அபிஷேகத் தண்ணீரில் கரைந்து குழம்பாகக் கிடந்தது. அக்கா பிரித்த பொட்டலத்தின் தாள் அதில் நன்றாக ஊறியிருந்தது; மற்றது ஓரமாக நனையாமல் இருந்தது. குங்குமம் உள்ளே இறங்கிப் பூவைச் சாயம் போட்டுவிட்டது.

“குங்குமம் பட்டிருக்குபோல இருக்கே” என்று குருக்கள் குனிந்து பார்த்தார். “வெள்ளைதான்னு தோண்றது. செவ்வரளியே சில செடியில வெளுத்தாப்பலதான் பூக்கும், அதுவும் உண்டு.”

“ரோஸ் அரளின்னே தனியா ஒண்ணு கீது சாமி” என்றது வரிசையில் ஒரு குரல்.

“ரோஸ் வந்தா இன்னா அர்த்தம்?” என்றது இன்னொன்று.

அப்போது வரிசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் முன்னால் வந்தார். வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர் மாதிரி இருந்தார். விரலை ஆட்டி, நிதானமாகச் சொன்னார்.

“இதுக்கு எதுக்கு இவ்ளோ குழப்பம்? ரெண்டாவது பொட்டலத்தையும் பிரிங்க. அதுல செவப்பு இருந்தா இது வெள்ளை. அதுல வெள்ளை இருந்தா இதுதான் செவப்பு. முடிஞ்சுது.”

எல்லோரும் ‘ஆமா, ஆமா’ என்றார்கள். குருக்களும் தலையாட்டினார்.

அடுத்த பொட்டலத்தில் இருப்பது வெள்ளை. அதைப் பிரித்தால், கையில் இருப்பது சிவப்பு என்று ஊர் கூடி முடிவு செய்துவிடும். அக்கா ஆபரேஷனுக்கு வர மாட்டாள். காப்பாற்றுவதற்காகச் செய்த திருட்டே அவளைக் கொன்றுவிடும். மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க வாய்ப்பு, வாய்ப்பு என்று அலைந்த மனிதருக்கு முதல் தடவையாக நூற்றுக்கு நூறு வந்திருந்தது. அவர் உதடு ஒட்டிக்கொண்டு பிரிந்தது. உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னாலும் போச்சு. ஏமாற்றிக் கட்டிய பூவை அக்கா ஒத்துக்கொள்வாளா?

“நான்...” என்று ஆரம்பித்தார். “நான் வந்து...”

அக்கா சட்டென்று தட்டில் இருந்த ரெண்டாவது பொட்டலத்தை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மூடினாள். முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

“சாமி ஒண்ணக் குடுத்தப்பறம் இன்னொண்ணப் பிரிச்சி சரி பாக்கறது மரியாத இல்ல” என்றாள். “இது வெள்ளதான். நம்ம வூட்டுச் செடிப் பூ எனக்குத் தெரியாதா?”

கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வந்தார். அக்கா பார்த்த பார்வையில் வரிசைக்குள் போய்விட்டார். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தது அக்காதான். இடைப்பட்ட நாட்களில் மாமா படுத்திய பாடு கொஞ்சமில்லை. முன்பு ரெண்டு பேரைப் பார்த்துப் பயந்தவர், இப்போது தன்னைப் பார்த்தே பயந்தார். “நான்தான மச்சான் ஏமாத்தி கூட்டிகினு போறேன்? அந்த ரெண்டுல ஒண்ணா போய்ட்டான்னா? அவ முருகன நம்பிப் போவல. என் திருட்ட நம்பிப் போறா” என்று என் லாட்ஜ் மேசைக்கு முன்னால் வந்து நின்று புலம்புவார். ரூம் கேட்டு வந்த வெளிநாட்டுக்காரர்கள் பயந்துபோய் அடுத்த லாட்ஜுக்குப் போனார்கள். சொல்லிவிடு என்றால், சொன்னால் வர மாட்டாள் என்பார். சொல்லாதே என்றால், சொல்லாமல் எப்படி அனுப்புவது என்பார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அன்று காலையில் அக்காவுக்குப் பச்சை அங்கி போட்டு, தள்ளுவண்டியில் படுக்கவைத்து, தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே இன்னும் தயாராகவில்லை என்று ஓரமாக நிறுத்தினார்கள். மாமா வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

“சந்திரா, ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காத. வேணாம்னா இப்பவே எழுந்துடு, வூட்டுக்குப் போயிடலாம். அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வெச்சேன். முருகன் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“அன்னிக்குப் பூப் பறிக்க வந்தேன் இல்ல? வெள்ளச் செடியில கீழ்க் கொத்துல ரெண்டு காம்பு மொட்டையா நின்னுகினு இருந்துது. செவப்புல ஒரு பூ கொறையல. நான் தண்ணி ஊத்தி வளத்த செடி. திருட வந்தவன் செவப்புலயும் ஒண்ணு கிள்ளிப் போட்டிருக்கணும். அதுகூடத் தெரியல உனுக்கு.”

மாமா அவருக்கு உள்ள சுபாவத்தில், இந்த நேரத்திலும், கேட்டார்.

“அப்ப நான் ஒழுங்கா ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்புன்னு கட்டியிருந்து, வெள்ளையே வந்திருந்தா?”

“வந்திருக்க மாட்டேன்.”

“ஏன்?”

அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கண்ணோரம் நனைந்திருந்தது. குரல் மட்டும் பால்வாடியில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல்.

“இத்தினி வருசமா வாய்ப்பு கீது, வாய்ப்பு இல்லன்னே சொல்லிகினு வந்தியே. சந்திரா, நீ எனக்கு ஓணும்னு ஒரு நாளு சொல்லியிருக்கியா? அத்தத் தெரிஞ்சிக்கத்தான் உன்னையே கட்டச் சொன்னேன். முருகன்கிட்ட எனக்கு இன்னா கேள்வி? கைய எடுய்யா. வண்டி போவட்டும்.”

வண்டி போனது. கதவு மூடியது.

மாமா பெஞ்சில் உட்காரவில்லை. நடக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடைவழியின் கோடியில் இருந்த பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. நான் வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். வேறு யாரோ ஒருவர் வந்து கதவைத் தட்டப் போனார். உள்ளே ஆள் இருக்கு, மாடியில் இன்னொன்று இருக்கிறது என்று அனுப்பிவைத்தேன். அதற்கப்புறம் வந்தவர்களையும் அப்படியே அனுப்பினேன். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து, முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு, சிரித்தார். நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

“மாமா, கொழாய மூடு. அக்கா நல்லா கீது.”

தண்ணீர் நின்றது. ஆனால் அவர் உடனே வெளியே வரவில்லை. பக்கெட் தண்ணீரில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது.